பின்னால் மலை, முன்னால் மனிதர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சிறிய கேள்வி. அழகான ஓர் இடத்தில் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுக்கிறோம். மலை இருக்கிறது, அருவி இருக்கிறது, கடல் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் ஆளைக் காணோம்! படத்துக்குள் அவர் நிற்கத்தான் செய்கிறார். ஆனால் பார்க்கிறவர் கண் அவரிடம் போய் நிற்கவில்லை. ஏன்? மலையையும் இழக்காமல், மனிதரையும் இழக்காமல் படம் எடுப்பது எப்படி?

இந்தக் கேள்விக்கு இன்று ஊரெல்லாம் ஒரே பதில்தான் சொல்லப்படுகிறது. "பின்னாடி அவுட் பண்ணிடு." விலை உயர்ந்த லென்ஸ் வாங்கு, அப்பர்ச்சரை அகலமாகத் திற, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும், ஆள் தனியாகத் தெரிவார். தெரிவார்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊட்டிக்கு எதற்காகப் போனோம்? விடியற்காலையில் குழந்தைகளை எழுப்பிக் கிளப்பி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, தொட்டபெட்டாவுக்கு எதற்காகப் போனோம்? மலையைக் கரைத்தால்தான் முகத்தைக் காட்ட முடியும் என்றால், அந்தப் படத்தை நம் தெருக்கோடி வேலியோரத்திலேயே எடுத்திருக்கலாமே! பின்னணியை அழிக்காமலே ஆளை எடுத்துக்காட்ட முடியும் என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

முதலில் ஆள் ஏன் தொலைகிறார் என்று பார்ப்போம். நம் விழித்திரையின் நடுவே ஒரு சிறு குழி இருக்கிறது. நேராக நோக்கும் பொருள் அங்கே விழும்போதுதான் அது கூர்மையாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் ஓரப்பார்வை. எதிரே அம்மா நின்றால் நாம் அம்மாவைப் பார்க்கிறோம். அவருக்குப் பின்னால் மின்கம்பம் இருந்தாலும், குப்பைத்தொட்டி இருந்தாலும், மனம் அவற்றைத் தள்ளி வைத்துவிடுகிறது. கேமராவுக்கு அம்மா என்று ஒருவர் கிடையாது. அம்மாவும் அதற்கு ஒன்றுதான், மின்கம்பமும் ஒன்றுதான். மனம் நமக்குத் தெரியாமலே செய்துகொடுத்த வேலையை, படம் எடுக்கும்போது நாம் தெரிந்து செய்ய வேண்டியிருக்கிறது. எதைக் கொண்டு செய்வது?

தூரத்தைக் கொண்டு தொடங்குவோம். இதற்குக் காசு வேண்டாம், கால் இருந்தால் போதும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறோம். விமானம் 200 அடிக்கு மேல் உயரம். நாம் என்ன செய்கிறோம்? "அங்கே போய் நில்லு" என்று தங்கையை விமானத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பிறகு விமானம் முழுவதும் படத்தில் அடங்க வேண்டுமே என்று பின்னால் நடக்கிறோம், நடக்கிறோம், நந்தி மண்டபம் வரைக்கும் நடக்கிறோம். ஐந்தரை அடித் தங்கை அந்த உயரத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு அவள் முகத்தை எங்கே தேடுவது? கோயில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நீங்களும் நிற்கும் இடத்திலேயே நில்லுங்கள். தங்கையை உங்களை நோக்கி நடந்துவரச் சொல்லுங்கள். நான்கு தப்படி தூரத்துக்கு அவள் வந்ததும் படத்தில் அவளும் பெரியவள், விமானமும் முழுமை. நடக்க வேண்டியவள் அவள்தான்! இந்த ஒன்றைச் செய்தாலே சுற்றுலாப் படங்களில் பாதி திருந்திவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு வாருங்கள். பெரிய விமானம் ஏறத்தாழ 60 அடி, அதாவது 18 மீட்டர். அதற்கு 60 மீட்டர் முன்னால் ஒருவரை நிறுத்துகிறோம். 25 மில்லிமீட்டர் அகல லென்ஸைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கு 2 மீட்டர் தூரத்தில் நின்று ஒரு படம் எடுக்கிறோம். கோயில் எவ்வளவு உயரமாக விழும்? ஆளின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இப்போது 100 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிக்கொண்டு 8 மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்குங்கள். ஆள் அதே அளவில்தான் விழுவார், ஒரு விரற்கடைகூட மாறமாட்டார். கோயில்? மூன்றரை மடங்குக்கு மேல் வளர்ந்து, ஆளைவிட உயரமாக அவருக்குப் பின்னால் எழுந்து நிற்கும்! அதே கோயில், அதே ஆள், அதே காலை. மாறியது நாம் நின்ற இடமும் லென்ஸும் மட்டும். மலை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அகல லென்ஸைத் தேடி ஓடுகிறவர்களே, அந்த லென்ஸ்தான் உங்கள் மலையைக் குன்றாக்குகிறது! பின்வாங்குங்கள். இழுத்துக் காட்டும் லென்ஸைப் போடுங்கள். கைப்பேசியிலும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பொத்தான் இருக்கிறது. நாலு தப்படி பின்னால் போய் அதை அழுத்திப் பாருங்கள்.

தூரத்தைச் சரிசெய்துவிட்டோம். ஆள் எழுந்து வந்துவிட்டாரா? பாதிதான் வந்திருக்கிறார். மீதிப் பாதியைக் கொடுப்பது ஒளி. என்னைக் கேட்டால், இந்தப் பேச்சில் நான் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் நீங்கள் மறந்துபோனாலும், இதை மறக்கக்கூடாது.

வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக் காட்சியகத்தில் லியொனார்டோ டா வின்சி தம் இருபதுகளில் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. ஃபிளாரன்ஸ் நகரத்துப் பெண் ஜினெவ்ரா தே பென்ச்சியின் உருவம். காலம் 1470கள். வெட்டவெளியில் இருக்கிறாள். ஒரு பக்கம் தொலைவில் நீர்நிலை, மரங்கள், நீலம் படர்ந்த தூரம், எல்லாம் தெரிகின்றன. ஆனால் அவள் தலைக்குப் பின்னால் லியொனார்டோ என்ன வைத்தார் தெரியுமா? அடர்ந்து இருண்ட ஜூனிபர் புதர் ஒன்று. கருத்த இலைக்கூட்டம். அதன் முன்னால் அந்த வெளிறிய முகம் விளக்கேற்றியதுபோல் நிற்கிறது. அப்பர்ச்சர் இல்லை, லென்ஸ் இல்லை, மங்கலாக்கும் மென்பொருள் இல்லை. இருட்டுக்கு முன்னால் வெளிச்சத்தை வைத்தார், அவ்வளவுதான்! உருவத்தின் வெளிச்சமான விளிம்பை இருண்ட பின்னணிக்கு எதிரிலும், இருண்ட விளிம்பை வெளிச்சமான பின்னணிக்கு எதிரிலும் வை என்று தம் குறிப்புகளிலேயே அவர் ஓவியர்களுக்கு எழுதியிருக்கிறார். மாலை மங்கும் நேரத்திலும், மேகம் மூடிய நாளிலும் தெருவில் போகிறவர்களின் முகங்களைப் பாருங்கள், அப்போதுதான் அவை எழிலோடும் மென்மையோடும் இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் மாற்ற ஒரு சொல் இல்லை.

நாம் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு, உச்சி வெயிலில், ஆளை நட்டநடுவே நிறுத்துகிறோம். புருவத்தின் நிழல் கண்ணை மூடுகிறது. பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரோ முகத்தைவிடப் பளிச்சென்று எரிகிறது. கண் வெளிச்சத்தைத் தேடிப் போகும். அது அதன் இயல்பு. முகத்தைவிடப் பளிச்சென்ற ஒன்று படத்தில் இருந்தால் கண் அங்கேதான் போகும். இப்படியிருக்க, ஆள் தெரியவில்லை என்று லென்ஸைக் குறை சொல்லி என்ன பயன்?

சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையைப் பிடியுங்கள். ஆளை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். கூந்தலிலும் தோளிலும் ஒளி ஒரு கோடு இழுக்கும். பின்னால் நிழல் விழுந்த ஒரு தோப்போ, பாறைச் சரிவோ இருந்தால், அந்தக் கோடு ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்துக் கொடுத்துவிடும். முகம் இருட்டாகுமே என்கிறீர்களா? ஒரு தெர்மாகோல் அட்டையை முன்னால் பிடியுங்கள். அதுவும் இல்லையா? ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்துப் பிடித்தால் போதும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1956இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்தில், காசி வீட்டு முற்றத்தை அரங்கமாகப் போட்டபோது, துணியில் பட்டுத் திரும்பிய ஒளியைக் கொண்டே அதை நிஜ முற்றம்போலக் காட்டினார். துணியில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

நம் பக்கத்தில் பாலு மகேந்திராவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்று வந்தவர். கிடைக்கிற இயற்கை ஒளியை நம்பிப் படம் எடுத்தவர். 1982இல் வந்த 'மூன்றாம் பிறை' ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றார். நீலகிரியில் எடுத்த படம் அது. அங்கே மேகம்தான் பெரிய திரைச்சீலை. வெயிலை வடிகட்டி முகத்தில் மெதுவாக இறக்கும். பனிமூட்டம் தூரத்து மரங்களை ஒவ்வொரு வரிசையாக வெளுக்க வைக்கும். கிட்டே நிற்கும் மனிதர் மட்டும் தம் முழு நிறத்தோடு நிற்பார். பின்னணி அங்கேதான் இருக்கிறது. மரம் மரமாகத் தெரிகிறது. ஆனாலும் ஆளோடு போட்டி போடவில்லை. ஊட்டிக்குப் போய் "வெயிலே இல்லையே" என்று வருந்துகிற தம்பிகளே, உங்களுக்குக் கிடைத்தது வரம்! கேமராவை உள்ளே வைக்காதீர்கள்.

அடுத்து மெரினாவுக்குப் போவோம். கடலும் வானமும் சேரும் கோடு, பாதிப் படங்களில் ஆளின் கழுத்தை அறுத்துக்கொண்டு போகிறது. ஏன் சரியாகக் கழுத்திலேயே போகிறது? கடலின் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் நிற்கும். கேமராவை நம் கண் உயரத்தில் பிடிக்கிறோம், எதிரே நிற்பவரும் ஏறக்குறைய நம் உயரம். அப்புறம் கோடு கழுத்தில் போகாமல் வேறெங்கே போகும்? முழங்காலை மடக்குங்கள். கேமராவை அவர் இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். கோடும் இடுப்புக்கு இறங்கிவிடும், தலையும் தோளும் வெறும் வானத்தின் முன்னால் எழுந்து நிற்கும். ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர் 1914இல் எடுத்த படம் ஒன்று உலகமெங்கும் பேசப்படுகிறது. நடன விழாவுக்குப் போகும் வழியில் வயலோரப் பாதையில் நிற்கும் மூன்று இளம் உழவர்கள். கறுப்பு உடை, தொப்பி, கையில் தடி. தலைகள் மூன்றும் வெளிறிய வானத்தின் மேல். தொடுவானம் அவர்கள் கழுத்துப் பக்கம்கூட வரவில்லை. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அந்த மூன்று பேரும் நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தலையில் தென்னை முளைப்பது, காதிலிருந்து மின்கம்பி கிளம்புவது, இவற்றுக்கெல்லாம் மருந்தும் நாம் நிற்கும் இடம்தான். பொத்தானை அழுத்தும் முன் தலையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள், ஓர் அடி இடமோ வலமோ நகருங்கள்.

நிறம் பற்றி ஓரிரு சொற்கள். தேயிலைத் தோட்டத்தில் பச்சைப் புடவையோடு நின்றால் புடவை தோட்டத்தில் கலந்துபோகும். அரக்குச் சிவப்போ, கடுகு மஞ்சளோ கட்டினால் மலைச்சரிவே அந்தப் பெண்ணுக்காக விரித்த பாய் ஆகிவிடும். புறப்படும் முன்னே சொல்லிவிடுங்கள். மலை ஏறியபின் புடவை மாற்ற முடியாது.

மங்கலாக்கும் வித்தையை நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. சந்தையில், பேருந்து நிலையத்தில், பின்னால் நூறு பேர் நடக்கும் இடத்தில் அது கைகொடுக்கும். ஆனால் எஃப் 1.8இல் பின்னணி வெறும் வண்ணக் கறையாகிறது என்றால், எஃப் 5.6க்கு வாருங்கள். மலை, மலை என்று தெரியும் அளவுக்கு மட்டும் மென்மையாகட்டும். கைப்பேசியின் போர்ட்ரெய்ட் மோட், ஆள் எங்கே முடிகிறார் என்பதைக் கணக்குப் போட்டு ஊகிக்கிறது. சுருண்ட முடியிலும், மல்லிகைச் சரத்திலும், ஜிமிக்கியிலும் அந்த ஊகம் தடுமாறுகிறது. பூவில் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை வைக்கிறது. ஆளைப் பின்னணியிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தினால் அதன் தடுமாற்றம் குறையும். 

இப்போது நான் மனம்விட்டுப் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். ஆளை எடுத்துக்காட்டுவது என்ற பெயரில் நம் ஊரில் நடக்கும் ஒரு கொடுமை எனக்குத் தாங்கவில்லை. ஆளை வெளுக்கிறார்கள்! கறுத்த மணப்பெண்ணைக் கறுப்பே இல்லாதவளாக்கி ஆல்பத்தில் ஒட்டுகிறார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். அந்தப் பெண் ஐம்பது வயதில் அந்த ஆல்பத்தைப் புரட்டும்போது யாரைப் பார்ப்பாள்?

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. மேல்நாட்டு லேப்களில் பல ஆண்டுகள், நிறம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்கு கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரிப் படம், வெள்ளைத் தோல் பெண்ணின் படம். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுத்த முகங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. அந்தக் காலம் போய்விட்டது. இன்றைய கேமரா நம் தோலின் ஒவ்வொரு சாயலையும் பதிவுசெய்கிறது. பிறகும் நாமே ஏன் அழிக்க வேண்டும்?

கறுத்த தோல் ஒளியை வாங்கி மின்னும் தோல். கன்னத்து மேட்டில், நெற்றியில், மூக்குத் தண்டில் ஒளி படும்போது வடிவம் அப்படியே எழுந்து வரும். அந்த முகத்தை வெளிறிய கடலுக்கோ, அந்தி வானத்துக்கோ, சுண்ணாம்பு அடித்த சுவருக்கோ முன்னால் நிறுத்துங்கள். ஒன்றுமே செய்ய வேண்டாம், தானாகவே தனித்து நிற்கும்! இருண்ட காட்டின் முன்னால் நிறுத்த நேர்ந்தால், பக்கவாட்டிலிருந்து அகலமான மென்மையான ஒளி ஒன்று வரட்டும், விளிம்பு பிரியும். கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். பின்னால் வானம் பளபளத்தால் முகத்தை இருட்டாக்கும். அதற்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள், முகத்தின் உண்மை நிறம் கிடைக்கும். அந்த நிறத்துக்கு மேலே போகாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, ஆளும் தெரிகிறார், இடமும் தெரிகிறது. இவருக்கும் இந்த இடத்துக்கும் என்ன உறவு? இதைக் கேட்காமல் எடுத்த படத்தில் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறையும்.

இங்கிலாந்து ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1750 வாக்கில் ஆண்ட்ரூஸ் தம்பதியை வரைந்தார். லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது. தம்பதி ஓவியத்தின் இடப்பக்கத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். வலப்பக்கம் முழுவதும் வயல், கதிர்க்கட்டு, மேய்ச்சல் நிலம், மேகம். பாதிக்கு மேல் இடத்தை நிலத்துக்குக் கொடுத்துவிட்டாரே, ஆள் தொலைந்தாரா? தொலையவில்லை. ஓக் மரத்தின் கனத்த தண்டு அவர்களுக்குப் பின்னால் நிற்கிறது. அந்த அம்மையாரின் வெளிர்நீல உடை பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே கண்ணை இழுக்கிறது. அந்த நிலம் அவர்களுடைய நிலம். பின்னணியை எடுத்துவிட்டால் அவர்கள் யார் என்பதே போய்விடும்.

இது நமக்குப் புதிய பாடமா? நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வைத்ததே! நிலம் மட்டும் போதும் என்று விடவில்லை, பொழுதையும் சேர்த்து வைத்தது. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு நள்ளிரவு என்று வகுத்தது. அந்த நிலத்திலும் பொழுதிலும் உயிர் பெறுவது மனித மனத்தின் உணர்வாகிய உரிப்பொருள். கல்யாணத்துக்கு முன்னால் அவுட்டோர் ஷூட் என்று பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்களே, அவர்கள் முன்பின் பார்த்திராத ஒரு ரிசார்ட் புல்வெளியில் எதற்காக நிறுத்துகிறீர்கள்? அவர்கள் தினம் சந்தித்துக்கொண்ட ரயில்நிலையம் எது என்று கேளுங்கள். பெண்ணின் தாத்தா உழுத வயல் எங்கே என்று கேளுங்கள். ஐந்து மணி வெயிலில் அங்கே கூட்டிப் போங்கள்.

கடைசியாக உங்களைத் தூத்துக்குடி உப்பளத்துக்கு அழைக்கிறேன். அங்கே விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். சுற்றிலும் பாத்திகள், வரப்பு, வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். புடவைக்கு மேல் ஒரு பழைய சட்டை, தலையில் துண்டு, உப்பு வாரும் பலகையோடு ஓர் அக்கா நிற்கிறார். முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள், "அக்கா, உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று. அவர் சரி என்றால், சூரியன் அவர் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். அங்கே தெர்மாகோலும் வேட்டியும் வேண்டாம். தரையில் கிடக்கும் உப்பே ஒளியைக் கீழிருந்து அவர் முகத்துக்கு ஏற்றிக்கொடுக்கும். துண்டின் நிழலுக்குள்ளும் அது போகும். கேமராவை இடுப்புக்கு இறக்குங்கள், முகம் வெளிறிய வானத்தில் விழட்டும். வெள்ளை உப்பு மீட்டரை ஏமாற்றும், அதற்கு ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். அப்பர்ச்சர் எஃப் 8. குவியல் குவியலாகவே தெரிய வேண்டும், ஏனென்றால் அதைக் குவித்தவர் அவர்தான். எடுத்த படத்தைத் திரையில் அவருக்குக் காட்டிவிட்டு, அச்சுப் போட்டு எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சூரியன் சற்று ஏறிவிட்டால் அங்கே கண் கூசும், யாராலும் இமையைத் திறந்து நிற்க முடியாது. விடியும்போதே போய்விடுங்கள்.